உப்பு நாளில் ஒலித்த மணி

எல்லோரும் சுகமா? வீட்டில் பெரியவர்கள், பிள்ளைகள் எல்லாம் சௌக்கியமா? சளி இருமல் என்று படுத்திருந்தவர்கள் எழுந்து நடமாடுகிறார்களா? முட்டி வலிக்காரர்கள் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள். கொஞ்சம் நடக்க வேண்டிய கதை இது, அதுவும் காட்டுப் பாதையில்.

நடந்தது இரண்டாயிரத்து ஏழில், பங்குனி மாதம். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பனியில் தமிழ்செல்வி என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். சாத்தூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி ஓசூர் வந்து எட்டு வருஷம். கம்பனியில் அவளுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பெல்ட்டில் வருகிற இரும்புச் சாமானை எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஓரத்தில் பிசிறு இருந்தால் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து, பச்சைப் புள்ளி வைத்துத் தள்ளிவிட வேண்டும். தலைக்கு மேலே ஒரு பலகை தொங்கும்: 'உன் கையால் தீரும் குறையை அடுத்த கைக்கு அனுப்பாதே.' எட்டு வருஷம் அந்தப் பலகைக்குக் கீழே நின்றால் மனுஷி எப்படி ஆவாள், சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக் கொடியில் சேலை தரையைத் தொட்டால்கூட இழுத்துக் கட்டிவிட்டுத்தான் நகர்வாள்.

அதே கம்பனியில் பாஸ்கரன் என்று ஒரு சூப்பர்வைசர். சேலத்துக்காரர், காட்டுப் பைத்தியம். கம்பனி ஆட்கள் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு மாதாமாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஜவளகிரிக்கு வேன் பிடித்துவிடுவார். அங்கே மாடு பார்க்கிற வேலை. காப்புக்காட்டுக்குள் மேயப் போகிற ஊர் மாடுகளுக்குக் கோமாரி இருந்தால், உள்ளே இருக்கிற காட்டெருமைக்கும் மானுக்கும் ஒட்டிவிடும். அதனால் கேட்டிலேயே நிறுத்தி வாயையும் குளம்பையும் பார்த்து, நோய் கண்ட மாட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். சம்பளம் கிடையாது. தக்காளி சாதம் கட்டிக்கொண்டு போய்ச் சந்தோஷமாகச் செய்தார்கள்.

கம்பனிப் பழக்கம் விடுமா, பாஸ்கரன் மாட்டுக்கும் ஒரு செக் ஷீட் போட்டிருந்தார். வாய், மூக்கு, குளம்பு, காது, கடைசியாகக் கழுத்து மணி. மணிக்கு ஏன் ஒரு கட்டம் என்றால், கார்த்திகையில் ஒரு பசு உண்ணிச்செடிப் புதரில் சிக்கிக்கொண்டது. மணி அறுந்து விழுந்திருந்தது. சத்தம் இல்லாமல் எங்கே என்று தேடுவது? மூன்றாம் நாள், செந்நாய் தின்றதுபோக மிச்சம்தான் கிடைத்தது. அன்றிலிருந்து, மணி ஒலிக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துத்தான் டிக் போட வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் அடுத்த கேட்டுகளுக்குப் போய்விட்டார்கள். ஓடைப் பாதை கேட்டில் தமிழ்செல்வியும் பாஸ்கரனும் மட்டும். வழக்கமாக ஆறேழு மந்தை வருகிற இடம். அன்று திம்மப்பன் ஒருவர்தான் இருபத்திரண்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். தோளில் ஒரு கோணிப்பை.

"எங்கண்ணே மத்த மாடெல்லாம்?" என்று தமிழ்செல்வி கத்திக் கேட்டாள். திம்மப்பனுக்குக் காது மந்தம். பக்கத்தில் வெடி வெடித்தால், யாரோ கூப்பிட்டார்களா என்று திரும்பிப் பார்ப்பார்.

"நாளைக்கு மாரியம்மன் பண்டிகம்மா. ஊரே செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிகினு கீது. நாளைக்கு மாட்டை வெளிய ஓட்ட மாட்டோம், அதான் நான் இன்னைக்கே வந்துட்டேன்."

"நீங்க சுண்ணாம்பு அடிக்கலையா? அக்கா விட்டுட்டாகளா?"

"அவ சொல்றது என் காதுல வியல, நான் அடிக்கிறது அவ கண்ணுக்குப் புடிக்கல. ரெண்டு பேருக்கும் நிம்மதி, நான் காட்டுல இருந்தா."

பாஸ்கரன் சிரித்துக்கொண்டே ஒரு கன்றின் குளம்பைத் தூக்கிப் பார்த்தார். நடுவில் வெடிப்பு இருந்தது. திம்மப்பனைக் கைகாட்டிக் கூப்பிட்டு, இரண்டு பேரும் கன்றைப் படுக்கவைத்து மருந்து போட உட்கார்ந்தார்கள்.

தமிழ்செல்வி கெம்பியிடம் வந்தாள். செவலைப் பசு, மந்தைக்கு முன்னால் போகிறது. அந்த மந்தையில் மணி கட்டியிருப்பது கெம்பிக்கு மட்டும்தான். வாய் சுத்தம், மூக்கு ஈரம், குளம்பு நன்றாக இருந்தது. மணியை ஆட்டினாள். சத்தம் வரவில்லை. திருப்பிப் பார்த்தால் உள்ளே புல்லும் சாணியும் காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. போன மாதமெல்லாம் கணீரென்று ஒலித்த மணி.

"எங்க போயி முட்டின நீ" என்று கெம்பியைக் கேட்டுவிட்டு, பால்பாயின்ட் பேனாவால் குத்திக் குத்தி எடுத்தாள். நன்றாக அழுத்தி அடைத்திருந்தது. பேனா முனை வளைந்தது. விடுவாளா, கொண்டை ஊசியை எடுத்துச் சுரண்டினாள். கடைசி உருண்டை விழுந்ததும் மணியின் நாக்கு அசைந்து ஒரு அடி அடித்தது. அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. டிக் போட்டாள்.

திம்மப்பன் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மந்தையை ஓட்டிக்கொண்டு உள்ளே போனார். மணி அவருக்குப் பத்தடி முன்னால் ஒலித்துக்கொண்டு போனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மந்தை மூங்கிலுக்குள் மறைந்து வெகுநேரம் ஆன பிறகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இவ்வளவு தூரம் கேட்குமா என்று தமிழ்செல்விக்கு ஆச்சரியம்.

மத்தியானம் திம்மப்பன் வீட்டில் சாப்பாடு. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். இவர்கள் தக்காளி சாதத்தைக் கொடுத்துவிட்டு, மாதேஸ்வரி கிண்டுகிற களியைச் சாப்பிடுவார்கள். மாதேஸ்வரி திம்மப்பனின் மனைவி. வீடு காட்டை ஒட்டிய கடைசி வீடு. எதிரே யானை வராமலிருக்க வெட்டிய பள்ளம், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் காடு. காட்டு வாட்சர் சென்னப்பனும் அன்று சாப்பிட வந்திருந்தார். ரிட்டயராகும் வயசு. முட்டி தேய்ந்து, உட்காரும்போதும் எழுந்திருக்கும்போதும் சாமி பேரைச் சொல்லுவார்.

மாதேஸ்வரி கையெல்லாம் சுண்ணாம்போடு வந்து களி உருண்டையை வைத்தாள். குழம்பை ஊற்றப் போனவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"யாரு மாடு அது?"

எல்லோரும் காதைக் கொடுத்தார்கள். தூரத்தில், கீழே ஓடைப் பக்கத்திலிருந்து, மணிச் சத்தம்.

"எவனாவது கர்நாடகாக்காரன் ஓட்டிகினு வந்திருப்பான்" என்றார் சென்னப்பன். சொன்னாரே தவிர, அவர் கை இலையை விட்டு மேலே வரவில்லை.

"நம்ம மாடு மட்டுந்தான் இன்னைக்கு உள்ள போச்சு, வாட்சரே."

"அப்ப உன் மாடுதான்."

"கெம்பி மணியை நானே அடைச்சேன். புல்லு வெச்சு, சாணி வெச்சு, கட்டை வெரலால அழுத்தி அடைச்சேன்."

தமிழ்செல்வி பிட்ட களியை இலையிலேயே வைத்தாள். "எதுக்குக்கா அடைக்கணும்?" என்று கேட்டாள்.

"உனக்குத் தெரியாது இல்ல, நீ ஞாயித்துக்கெழமை வர்றவ. திங்கக்கெழமை திங்கக்கெழமை ஓடையண்ட பாறை மேல மாட்டுக்கு உப்பு வெப்போம். அன்னைக்கு மணி அடிக்கக் கூடாது. நாளைக்குப் பண்டிகைன்றதால இன்னைக்கே வெக்கறோம். அங்க ஒருத்தன் கீறான், ஒத்தக் கொம்பன் யானை. உப்புக்காரன்னு பேரு வெச்சிருக்கோம். மணி போற எடத்துல உப்பு இருக்கும்னு கத்துகினான். மணி கேட்டா எங்க இருந்தாலும் அந்தப் பாறைக்கு வந்துடுவான். மத்த நாளு அங்க யாரும் போறதில்ல. போன வருசம் நாகம்மாள் புருசனை அந்தப் பாறை மேலயே போட்டு…"

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. காது கேட்காத திம்மப்பன் அந்தப் பாறையில் உட்கார்ந்து உப்புக்கட்டியை உடைத்துக்கொண்டிருப்பார் என்பது நாலு பேர் கண்ணுக்கும் தெரிந்தது. கோணிப்பையில் இருந்தது சோறு என்றல்லவா தமிழ்செல்வி நினைத்திருந்தாள்.

"அக்கா, அது கெம்பி மணிதான்" என்றாள். மீதியும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வரவில்லை.

மாதேஸ்வரி தன் கட்டை விரலைப் பார்த்தாள். "அப்ப நான் சரியா அடைக்கல. சுண்ணாம்பு வேலை கீதுன்னு அவசரத்துல அடைச்சேன்" என்றாள். கரண்டியைக் குழம்பிலேயே போட்டுவிட்டு இறங்கி ஓடினாள்.

பாஸ்கரன் போனை எடுத்தார். கர்நாடகா டவர்தான் காட்டியது, அதுவும் ஒரு கோடு. வனத்துறை ஆபீசுக்கு ஆள் கூட்டிவர சென்னப்பனின் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார். மற்ற மூன்று பேரும் பள்ளத்தின் மேல் போட்டிருந்த மரப்பாலத்தைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கினார்கள். முன்னால் மாதேஸ்வரி, நடுவில் தமிழ்செல்வி, பின்னால் முட்டியைப் பிடித்துக்கொண்டு சென்னப்பன்.

உச்சி வெயில். இலையுதிர்ந்த மரங்களின் நிழல் தரையில் கம்பி போட்ட மாதிரி விழுந்திருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் கத்துகிற மைனாக்கள் ஒன்றுகூட இல்லை. மணி மட்டும் கேட்டது. கீழே கேட்டது, பிறகு நின்றது, பிறகு கொஞ்சம் கிட்டே கேட்டது. மேயும் மாட்டின் மணி தூங்கித் தூங்கி ஒலிக்கும். இது அப்படி இல்லை, சீராக அடித்துக்கொண்டு வந்தது.

"மேல ஏறி வருது" என்றாள் மாதேஸ்வரி.

வளைவில் கெம்பி வந்தது. ஓடவில்லை, ஆனால் வேகநடை. கண் இரண்டும் பிதுங்கி, வால் காலோடு ஒட்டியிருந்தது. மாதேஸ்வரி "பாரம்மா, பா" என்று கன்னடத்தில் மெதுவாகக் கூப்பிட்டு, கழுத்தைக் கட்டிப் பிடித்து, மணிக்குள் கையை விட்டு நாக்கைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தம் நின்ற பிறகுதான் தெரிந்தது, காடு எவ்வளவு அமைதியாக இருக்கிறதென்று.

சென்னப்பன் தமிழ்செல்வியின் தோளை அழுத்திப் புதருக்குப் பின்னால் உட்கார வைத்தார். பாதையைக் கைகாட்டினார். அவள் முதலில் ஒரு மண்மேடு என்றுதான் நினைத்தாள். செம்மண் பூசிய உடம்பு. அறுபது எழுபது அடி தூரம் இருக்கும். ஒரு பக்கம் கொம்பு, மறுபக்கம் வெறும் குழி. அத்தனை பெரிய உடம்பு சருகு மேல் நடந்து வந்திருக்கிறது, ஒரு சத்தம் கேட்கவில்லை.

அது தும்பிக்கையைத் தூக்கி இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை முகர்ந்தது. மணியைக் காணோமே என்று தேடுகிற மாதிரி காதை விரித்து நின்றது. இவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அது மெல்லத் திரும்பியது, வந்த வழியே, ஓடையைப் பார்த்து.

தப்பித்தோம் என்று தமிழ்செல்வி மூச்சை விட்டாள். மாதேஸ்வரி இன்னும் யானை போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழ போறான்" என்றாள் மாதேஸ்வரி, உதடு மட்டும் அசைய. "அவரு அங்கதான் கீறாரு. உப்பு வாசனை புடிச்சிட்டான்."

"பட்டாசு இருக்குல்ல, வாட்சரண்ணே?" தமிழ்செல்வி அவர் பையைக் காட்டினாள்.

"போட்டா தலைதெறிக்க ஓடுவான். எந்தப் பக்கம் ஓடுவான்னு யார் கண்டது? கீழ ஓடினா திம்மப்பன் மேலதான்."

"அப்ப?"

சென்னப்பன் மணியைப் பார்த்தார். மாதேஸ்வரியும் பார்த்தாள். மணி அடித்தால் அது திரும்பி மேலே வரும். அதை மேலே இழுத்துக்கொண்டு யாராவது ஊர்ப்பக்கம் ஓடினால், குறுக்குவழியில் இறங்கி திம்மப்பனைக் கூட்டிவந்துவிடலாம். குறுக்குவழி மாதேஸ்வரிக்குத்தான் தெரியும். சென்னப்பனின் முட்டி மேட்டில் ஓடாது. மிச்சம் தமிழ்செல்விதான். யானை இன்னும் பத்தடி கீழே போயிருந்தது.

"அக்கா, நீங்க சரியாத்தான் அடைச்சிருந்தீங்க" என்றாள் தமிழ்செல்வி. "நான்தான் காலையில தோண்டி எடுத்தேன். ஏதோ அடைச்சிக்கிட்டு இருக்குன்னு நெனச்சு சுத்தம் பண்ணினேன். என்கிட்டக் குடுங்க."

மாதேஸ்வரி அவளைப் பார்த்தாள். திட்டுவாள் என்று தமிழ்செல்வி எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சென்னப்பன் அரிவாளால் மணிக்கயிற்றை அறுத்தார். மாதேஸ்வரி மணியின் நாக்கை விடாமல், அப்படியே தமிழ்செல்வியின் கைக்குள் மாற்றினாள். இரண்டு பேர் விரலும் ஒரு நிமிஷம் மணிக்குள் சேர்ந்து இருந்தன. மாதேஸ்வரியின் விரல் சுண்ணாம்பில் வெந்து சொரசொரத்தது.

"பாலம் தாண்டற வரைக்கும் நிறுத்தாத. திரும்பிப் பாக்காத" என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாட்டுக்குக்கூட வழியில்லாத சரிவில் இறங்கி மறைந்தாள். சென்னப்பன் கெம்பியை இழுத்துக்கொண்டு மூங்கில் புதருக்குள் ஒதுங்கினார்.

தமிழ்செல்வி விரலை எடுத்தாள்.

அடித்துக்கொண்டே ஓடினாள். முதலில் பின்னால் ஒரு கிளை முறிந்தது. திரும்பிவிட்டது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டாலாவது எவ்வளவு தூரத்தில் என்று தெரியும். ஒன்றுமே கேட்காமல், முதுகில் மட்டும் வெயிலுக்குப் பதிலாக வேறு ஏதோ படுகிற மாதிரி இருந்தது. செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. முள் குத்தியதோ கல் குத்தியதோ, சாயந்தரம் வரைக்கும் அவளுக்கு வலிக்கவில்லை. மரப்பாலத்தில் கால் வைத்தபோதுதான் வாயில் ரத்தச் சுவை தெரிந்தது. நாக்கைக் கடித்திருந்தாள்.

பாலம் தாண்டிய பிறகும் நிறுத்தவில்லை. மாதேஸ்வரி போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும், திம்மப்பனை எழுப்பிக் கிளப்ப எவ்வளவு நேரம் ஆகும், யார் சொன்னார்கள்? ஆயிரம் எண்ணுவோம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் ஒன்று என்று எண்ணினாள். எண்ணூற்றிச் சொச்சத்தில் நிமிர்ந்து பார்த்தாள்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அது நின்றது. பாலத்து மரத்தில் முன்காலை வைத்துப் பார்த்தது. மரம் முனகியதும் எடுத்துக்கொண்டது. அவளை அது பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தது. புதுச் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர்கள், அடுப்புப் புகை, எங்கோ யாரோ மிளகாய் இடிக்கிற சத்தம். எல்லாவற்றையும் நின்று நிதானமாகப் பார்த்தது. ஆயிரம் ஆனதும் தமிழ்செல்வி முந்தானையை மணிக்குள் திணித்தாள். கொஞ்ச நேரத்தில் அது மூங்கிலுக்குள் போய்விட்டது. அதன் பிறகுதான் பாஸ்கரன் வனத்துறை ஆட்களோடு வந்து சேர்ந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து, பள்ளத்தில் கீழே இருந்த இன்னொரு பாலத்து வழியாக, மாதேஸ்வரியும் மந்தையும் பின்னால் வர, திம்மப்பன் வந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. நடந்தது பாதிதான் அவர் காதில் ஏறியிருந்தது.

"இவ வந்து கையைப் புடிச்சு இழுக்கறா. கல்யாணமான புதுசுலகூட இப்படி இழுத்ததில்ல. நான் பயந்துட்டேன்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. மாதேஸ்வரி நேரே தமிழ்செல்வியிடம் வந்து நின்றாள்.

"நீங்க வர ஆரமிச்சு எத்தினி மாசம் ஆச்சு?"

"எட்டு மாசம்க்கா."

"எட்டு மாசத்துல இன்னும் என்னென்ன சரி பண்ணின?"

தமிழ்செல்வி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். கேட்டுக் கம்பத்தில் அழுக்காகத் தொங்கிய ஒரு துணி முடிச்சை அவிழ்த்துப் போட்டிருக்கிறாள். பாதையில் குறுக்கே கிடந்த முள்ளை ஓரமாகத் தள்ளியிருக்கிறாள். இன்னும் இருக்கும். ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாதேஸ்வரி ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டே கேட்டாள்.

சென்னப்பன் கெம்பியோடு கடைசியாக வந்தார். பாலத்தருகே குனிந்து, மண்ணில் பதிந்திருந்த தடத்தைப் பார்த்தார். முறம் அளவு. "இத்தினி நாளா அவனுக்கு மணின்னா ஓடைப் பாறை" என்றார். "இன்னைக்கு நாம ஊரைக் காட்டிட்டோம்."

மறுநாள் மாரியம்மனுக்கு மணி அடிக்காமல் தீபாராதனை காட்டினார்கள். பூசாரி முனகினாராம், மாதேஸ்வரி கோயில் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டாளாம். ஊரில் இருந்த மாட்டு மணியெல்லாம் கழற்றிப் பரணில் போட்டார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தை யாரும் நினைக்கவில்லை. வாத்தியார் தளியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், அவருக்கு ஒன்றும் தெரியாது. செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு, வழக்கம்போலத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் பத்து அடி அடித்திருக்கிறார்.

புதன்கிழமை, ஷிஃப்ட் நடுவில், பாஸ்கரன் பெல்ட் ஓரமாக வந்து நின்று தமிழ்செல்வியிடம் இதைச் சொன்னார். அவள் கையில் ஒரு சாமான் இருந்தது.

"பசங்க வரிசையில நின்னு ப்ரேயர் பாடிட்டு இருந்தாங்களாம். பள்ளத்துக்கு அந்தாண்ட வந்து நின்னுட்டான்."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையேண்ணே?"

"ஆகல. பாட்டு முடியற வரைக்கும் நின்னானாம். அப்புறம் பள்ளத்து ஓரமாவே நடந்து போனானாம், மெதுவா." அவர் குரலைத் தணித்தார். "மழையில மண்ணு சரிஞ்சு தூர்ந்த எடம் ஒவ்வொண்ணுலயும் நின்னு, காலை விட்டு அமுக்கிப் பாத்துட்டுப் போனான்னு சென்னப்பன் சொல்றாரு."

பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. அவளுக்கு முன்னால் ஏழெட்டுச் சாமான்கள் பார்க்கப்படாமல் அடுத்த கைக்குப் போய்விட்டன.

நல்லது என்று நினைத்துக் கை வைத்து, அது வேறொன்றாக முடிந்த அனுபவம் உங்களில் யாருக்காவது இருக்கும். காட்டோரத்தில் இருக்கிறவர்களுக்கு நிச்சயம் இருக்கும். என்ன நடந்தது, பிறகு எப்படிச் சமாளித்தீர்கள் என்று ஒளிக்காமல் எழுதி அனுப்புங்கள். உங்கள் ஊர் யானை எந்தச் சத்தத்துக்கு வருகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.